ஜமால் அடித்த கோடு

திருத்தம் வந்த புத்தகத்தை எங்கள் அச்சகத்தில் ரூபி கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவாள். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, உங்க வேலைக்காரப் பொண்ணு எல்லாத்தையும் தலைகீழா செய்யுது?" என்று என்னிடம் கேட்பார்கள். ஆரம்பத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது விட்டுவிட்டேன். வேலை முடிந்து புத்தகம் கைக்கு வந்தால் தானாக வாயை மூடிக்கொள்வார்கள்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். திருத்தக் குறிப்புகள் இருக்கிற பி.டி.எஃப். திரையின் ஒரு பக்கம் இருக்கும், பக்கம் கட்டுகிற பேஜ்மேக்கர் இன்னொரு பக்கம் இருக்கும். அதைப் பார்த்து இதைத் திருத்த வேண்டும். முதல் பக்கத்திலிருந்து போனால், அங்கே இரண்டு வரி சேர்த்ததும் பின்னால் உள்ள வரிகள் எல்லாம் நகர்ந்துவிடும். நாற்பதாம் பக்கம் வரும்போது குறிப்பு ஓரிடத்தில் இருக்கும், வரி வேறொரு பக்கத்தில் இருக்கும். தேடியே பொழுது போய்விடும். பின்னாலிருந்து வந்தால் முன்னால் இருப்பது எதுவும் அசையாது. இதை ரூபிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கையை மூன்று தடவை முதலிலிருந்து திருத்திவிட்டு, நான்காவது தடவை எரிச்சலில் கடைசியிலிருந்து ஆரம்பித்தாள். அன்றைக்கு மத்தியானமே வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் முதல் பக்கத்தின் முகத்தில் விழித்ததே இல்லை.

நான் பெலிக்ஸ். திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ், எப்போதாவது ஒரு புத்தகம். எனக்குக் கோபம் அதிகம் என்று ஊரில் பேச்சு. அது சரியில்லை. வர வேண்டிய இடத்தில் மட்டும்தான் எனக்குக் கோபம் வரும். வர வேண்டிய இடங்கள் அதிகமாக இருந்தால் நான் என்ன செய்வது?

ரூபி என்னிடம் வந்தது 1997இல். முத்தழகுபட்டியிலிருந்து அவளுடைய அப்பா கையோடு கூட்டிவந்தார். அவர் ஆட்டு வியாபாரி. அய்யலூர் சந்தையில் வாங்கி ஊருக்குள் விற்பவர். "பத்தாவது பெயிலுங்க. கணக்குல போச்சு. வீட்ல ஒரே அழுகையா கெடக்கு. பேப்பர் மடிக்கவாவது வச்சுக்கங்க" என்றார். பக்கத்தில் நின்ற பெண் அழுகிற முகமாகத் தெரியவில்லை. என் மேஜையில் கோணலாக ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "அண்ணே, அது சாஞ்சிருக்கு" என்றாள். சேர்த்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் பேப்பர் மடித்தாள், அடுக்கினாள், தைத்தாள். பிறகு நான் கம்ப்யூட்டர் வாங்கினேன். அதை ஓட்ட மதுரையிலிருந்து வந்த பையன் என் வாய்க்குப் பயந்து ஒரே மாதத்தில் ஓடிவிட்டான். அவன் விட்டுப்போன நாற்காலியில் ரூபி உட்கார்ந்தாள். என் வாய்க்கு அவள் பயப்படவில்லை. நான் கத்த ஆரம்பித்தால், "அண்ணே, செத்த நேரம் வெளிய நின்னு காத்து வாங்கிட்டு வாங்க. இந்தப் பக்கத்த முடிச்சுர்றேன்" என்பாள். போய் நின்றுவிட்டு வருவேன். பக்கம் முடிந்திருக்கும். முதலாளி யார் என்ற கேள்வி எங்கள் அச்சகத்தில் இன்றைக்கும் தீரவில்லை.

எப்போதும் பேசிக்கொண்டே வேலை செய்வாள். ஆளில்லாவிட்டால் கம்ப்யூட்டரோடு பேசுவாள். "ஏன்டா, இந்த வரிய மட்டும் கீழ தள்ளுற? அது ஒனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று அதட்டுவாள். மத்தியானம் தூக்குவாளியைத் திறந்தால் அச்சகத்தில் இருக்கிற எல்லாருக்கும் அவள் வெஞ்சனத்தில் பங்கு உண்டு. லோடு ஆட்டோ ஓட்டுகிற பிரின்ஸைக் கட்டிக்கொண்டாள். டெய்சி பிறந்தாள். பிள்ளை பெற்று வந்த பிறகு பேச்சு இன்னும் கூடியது. அவளிடம் சோகம் என்று ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியாது, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர.

அவள் படித்த பெண்கள் பள்ளி எங்கள் அச்சகத்துக்கு வருகிற வழியில்தான் இருக்கிறது. பள்ளியின் பெயர் வேண்டாம், சொன்னால் நாளைக்கே நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். ரூபி அந்த வழியாக வரமாட்டாள். சந்துக்குள் புகுந்து சுற்றி வருவாள். பள்ளிக்கு நோட்டீஸ் கொண்டுபோகச் சொன்னால் வேறு யாரையாவது அனுப்புவாள். ஒரு தடவை கேட்டேன். "ரிசல்ட் அன்னைக்குப் போனதுதாண்ணே. டி.சி. வாங்கக்கூடப் போகல. கூடப் படிச்ச எல்லாரும் வாங்குனாளுக. எனக்கு அந்தக் கேட்டுக்குள்ள போக மூஞ்சி இல்ல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு மிச்ச நேரம் கம்ப்யூட்டரைக்கூடத் திட்டவில்லை.

2007இல் அதே பள்ளிக்கு நூற்றாண்டு. ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள் அன்று விழா. விழாவுக்கு ஒரு மலர். அந்த வேலை எங்களுக்கு வந்தது. நான் வேண்டாம் என்றுகூட நினைத்தேன், ரூபிக்குச் சங்கடமாக இருக்குமே என்று. அவள்தான், "எடுங்கண்ணே. நானே கட்டுறேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யணும்" என்றாள்.

"சொல்லு."

"கடைசிப் பக்கத்துல என் பேரு வரணும். 'பக்க வடிவமைப்பு: ரூபி, முன்னாள் மாணவி'ன்னு. வேற ஒண்ணும் வேணாம்."

அதைக் கேட்கும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பத்து வருஷமாகச் சந்துக்குள் சுற்றிப் போனவள், அந்தக் கேட்டுக்குள் தன் பெயரையாவது அனுப்பப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. "போட்டுக்க. எவன் கேக்குறான்னு பாப்போம்" என்றேன்.

மலருக்கு மூன்று பேர் கொண்ட குழு. இஞ்ஞாசியம்மாள் டீச்சர், ஓய்வு பெற்ற தமிழாசிரியை. சகாயசெல்வி, பழைய மாணவியர் சங்கத்துச் செயலாளர், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. மூன்றாவது ஸ்தனிஸ்லாஸ் சார், பள்ளி அலுவலகத்தில் காலம் காலமாகக் கிளார்க். மூன்று பேரும் நல்லவர்கள். ஆனால் மூன்று பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் பக்கத்து அறையில் இருப்பவருக்குத் தலைவலி வரும். முன்பு ஒரு தடவை இவர்களுக்குப் பிழை பார்க்கக் காகிதத்தில் புரூப் கொடுத்துப் பட்டிருக்கிறேன். ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதி, அதன் மேல் டீ கொட்டி, திரும்பி வந்தபோது அது புரூப் மாதிரியே இல்லை. அதனால் சகாயசெல்வி, "இப்பல்லாம் பி.டி.எஃப்லயே குறிச்சு அனுப்பலாமே" என்று சொன்னதும் நான் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டேன்.

அப்படிக் குறிப்புப் போடுகிற மென்பொருள் என் அச்சகத்தில் இருந்தது. ஆனால் என் அச்சகத்தில் நானும் இருந்தேன். அதனால் மூன்று பேரும் இங்கே வர யோசித்தார்கள். பேகம்பூரில் ஜமால் முகமது பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அவரிடமும் அந்த மென்பொருள் இருந்தது, கூடவே பொறுமையும் இருந்தது. "ஜமால் பாய்கிட்ட ஃபைலக் குடுத்திருக்கேன். அவங்கவங்களுக்கு நேரம் கெடைக்கிறப்ப போயி, ஒக்காந்து குறிச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். அவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அதே கம்ப்யூட்டர், அதே ஃபைல்.

ஒரு வாரத்தில் ஜமால் அந்த ஃபைலை மின்னஞ்சலில் அனுப்பினார். ரூபி வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். நான் பின்னால் ஏதோ பத்திரிகை அட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் பேச்சு நின்றுபோனது மட்டும் காதில் விழுந்தது, அதாவது காதில் ஒன்றும் விழவில்லை. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செத்த நேரம் கழித்து, "அண்ணே, இந்த ஜமால் பாய்க்கு என்ன ஆச்சு?" என்றாள்.

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு குறிப்பையும் யார் போட்டது என்று அதன் தலையிலேயே பெயர் வரும். இந்த ஃபைலில் எல்லாக் குறிப்பின் தலையிலும் 'ஜமால்' என்றே இருந்தது. பள்ளியின் பழைய தலைமையாசிரியையான கன்னியாஸ்திரி ஒருவருடைய படத்தின் மேல் 'இன்னும் பெரிதாக' என்று ஜமால். அதற்குப் பக்கத்திலேயே 'இவ்வளவு பெரிதாக எதற்கு?' என்று இன்னொரு ஜமால். விளையாட்டு விழாக் கட்டுரையில் 'அருமை' என்று ஜமால். அதே கட்டுரையைப் பற்றி, 'இதை யார் எழுதியது? மொத்தமாக எடுத்துவிடலாம்' என்று ஜமால். எனக்குத் தலைக்கு ஏறியது. போனை எடுத்தேன்.

"பாய், நீ அந்த ஸ்கூல்லயா படிச்ச?"

"அது பொம்பளப் புள்ளைக ஸ்கூலுண்ணே."

"பெறகு எதுக்கு ஒரு சிஸ்டர் படத்த பெருசாக்கச் சொல்ற, அடுத்த வாய்ல சிறுசாக்கச் சொல்ற? ஒனக்கு எதுக்கு இந்த வேலை?"

"நான் எங்கண்ணே சொன்னேன்? அவுக வந்தா மிஷினைத் தொறந்து விட்டுட்டு நான் டீ குடிக்கப் போயிருவேன். மூணு பேரும் அம்புட்டு நேரம் ஒக்காருவாகண்ணே, எனக்கு டீ குடிச்சுக் குடிச்சு வயிறே கெட்டுப்போச்சு."

அப்போதுதான் விளங்கியது. அந்தக் கம்ப்யூட்டர் ஜமாலின் பெயரில் ஓடுகிறது. அதில் யார் உட்கார்ந்து எதைக் குறித்தாலும் அது ஜமால் குறித்ததாகவே விழும். குழுவின் மூன்று பேரும் சேர்ந்து ஒரே ஜமாலாக ஆகிவிட்டார்கள். அவர்கள் வாழ்க்கையில் ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு ஃபைலில்தான்.

நான் சிரித்தேன். ரூபி சிரிக்கவில்லை. திரையில் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். 'பக்க வடிவமைப்பு: ரூபி, முன்னாள் மாணவி' என்ற வரியின் மேல் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சிவப்புக் கோடு. நீக்கச் சொல்லி அடித்த கோடு. குறிப்பு ஒன்றும் இல்லை. பெயர் மட்டும் இருந்தது, ஜமால் என்று.

"எவன் அடிச்சான்? இப்பவே மூணு வீட்டுக்கும் போறேன்" என்று சட்டையை மாட்டினேன்.

"யாரு அடிச்சான்னு தெரியாம யாருகூடண்ணே சண்டை போடுவீக? விடுங்க" என்றாள். "பெயிலாப் போனதுக்கு எதுக்கு இந்தப் பேருன்னு நெனச்சிருப்பாக. நெசந்தான். அடிச்சுருவோம்."

"கைய வச்சுப் பாரு" என்றேன். "அந்த வரி அங்கதான் இருக்கும். அடுத்த புரூப்லயும் இருக்கும். இது என் அச்சகம்." என்ன இருந்தாலும் முதலாளி நான்தான் என்று அன்றைக்கு ஒரு நாள் நிலைநாட்டினேன். ஆனால் அவள் கண் கலங்கியிருந்ததை என் அதிகாரத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்தப் பெண்ணை இத்தனை வருஷத்தில் நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

அடுத்த வியாழக்கிழமை அய்யலூர் சந்தை. சாயங்காலம் பிரின்ஸ் அவளைக் கூட்டிப்போக வந்தான். லோடு ஆட்டோவின் பின்னால் ஆடுகள். மாமனாருடைய ஆடு மட்டும் இல்லை, இன்னும் இரண்டு வியாபாரிகளுடையதும் சேர்ந்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒன்று கீழே குதித்து என் வாசல் படியில் ஏறி ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரைத் தின்ன ஆரம்பித்தது. நான் பிரின்ஸைப் பிடித்துக் கத்தினேன். "இது யாரு ஆடுடா? மொதல்ல பிடி!"

"நீலம் பூசியிருக்குல்லண்ணே, அப்ப அது வடமதுரைக்காரர் ஆடு" என்றான் அவன் பதறாமல். "நம்ம மாமா ஆட்டுக்குக் கழுத்துல செவப்பு. இன்னொருத்தருக்கு முதுகுல பச்சை. சந்தையில வாங்குனதும் சாயத்தப் பூசிட்டா எம்புட்டுக் கலந்தாலும் பிரிச்சுரலாம்."

ரூபி வண்டியில் ஏறப் போனவள் காலைக் கீழே வைத்தாள். ஆட்டையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணே, நம்ம ஆடெல்லாம் சாயம் பூசாம சந்தைக்குப் போயிருச்சு, அம்புட்டுதான்!" என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் குரல் பழையபடி கேட்டது. போஸ்டர் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாளே பேகம்பூருக்குப் போய் ஜமாலோடு உட்கார்ந்தாள். யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் மென்பொருளில் பெயரை மாற்ற வேண்டும், அவரவர் நிறத்தை வைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஜமால் டீக்குப் போகலாம் என்று ஏற்பாடு. டீச்சருக்குச் சிவப்பு, வேறு நிறம் கொடுத்திருந்தால் அவர் தொட்டிருக்க மாட்டார். சகாயசெல்விக்கு நீலம். ஸ்தனிஸ்லாஸ் சார் தானாகவே பச்சை வேண்டும் என்று கேட்டு வாங்கினார். பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற அதிகாரிகளுக்கு ஆயுள் முழுக்கப் பேனாவை நீட்டியவர் அவர். பாவம், ஆசை இருக்காதா?

சண்டையில்லாத திருத்தங்களை ரூபி செய்துவிட்டாள். சண்டை உள்ளவற்றைத் தொடாமல் வைத்து, இரண்டாவது புரூப்பை அனுப்பினாள். அவளுடைய வரியும் அப்படியே போனது. இந்தத் தடவை ஃபைல் வந்தபோது எங்கள் திரை அய்யலூர் சந்தை மாதிரி இருந்தது. ஆனால் எல்லா ஆட்டுக்கும் சாயம் இருந்தது. படத்தைப் பெரிதாக்கச் சொன்னது சிவப்பு, சிறிதாக்கச் சொன்னது நீலம். இருவருக்கும் ரூபி போன் போட்டாள். டீச்சரிடம், "செல்வி அக்கா கொஞ்சம் சிறுசாக் கேக்குறாக, நீங்க எம்புட்டு வரைக்கும் வுடுவீக?" என்று பேரம் பேசி ஒரு அளவில் முடித்தாள். அப்பன் ஆட்டு வியாபாரி என்பது அங்கே தெரிந்தது. முடிந்த குறிப்புக்கு ஒரு டிக். அடுத்தது.

ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. முதலில் பார்த்தது கடைசிப் பக்கத்தைத்தான். அவள் வரியின் மேல் மறுபடியும் முழுக்க ஒரு கோடு. பச்சை.

"ஸ்தனிஸ்லாஸ் சாரா?" என்றாள். நம்ப முடியாமல் இரண்டு தடவை சொன்னாள். அவள் பள்ளியில் படித்தபோது ஃபீஸ் தேதி தவறினால் சத்தம் போடாமல் இரண்டு நாள் பொறுத்துக்கொண்டவர் அவர்தானாம்.

நான் ஜமாலுக்குப் போன் போட்டேன். "கிளார்க் சார் இங்கதாண்ணே இருக்காரு, ஏதோ ஒரு படத்துக்கு அடியில பேரு விட்டுப்போச்சுன்னு வந்திருக்காரு" என்றார். வண்டியை எடுத்தேன். ரூபி பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு?"

"நானும் வாரேன். கோடு எம்பேரு மேலதான இருக்கு?"

ஜமால் கடையில் ஸ்தனிஸ்லாஸ் சார் திரைக்கு ஒரு சாண் முன்னால் மூக்கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "சார், இந்தப் பொண்ணு ரெண்டு மாசமா ஒங்க ஸ்கூலுக்காக ஒக்காந்து கண்ணு நோகக் கட்டியிருக்கு. ஒரு வரியில பேரு போட்டா ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு? எதுக்கு அடிச்சீங்க?" என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கும்வரை கத்தினேன். பக்கத்து அறைகளில் இருந்த பையன்களெல்லாம் எழுந்து பார்த்தார்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "பேரை யார் அடிச்சது?" என்றார்.

ரூபி குனிந்து கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அவர் பார்த்தார். "அய்யய்யோ, என்ன இது முழுசும் போயிருக்கு? நான் 'முன்னாள்'ங்கறத மட்டும்ல அடிச்சேன்!"

ஜமால் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், இந்தத் தமிழ் எழுத்துல மவுஸ கொஞ்சம் அசைச்சாலும் முழு வரியையும் பிடிச்சுக்கும். ஒங்க கைதான் நடுங்குதே. ரெண்டு தடவையும் அப்படித்தான் ஆயிருக்கும்."

என் கோபத்துக்கு உட்கார இடம் இல்லாமல் போனது. ஆனால் ரூபியின் முகம் தெளியவில்லை. "முன்னாள மட்டும் ஏன் சார் அடிச்சீங்க? நான் அங்க படிச்சேன்தான?" என்றாள்.

"படிச்ச. யாரு இல்லைன்னா? டி.சி. வாங்குனியா?"

"இல்ல சார்."

"எழுதி, சிஸ்டர்கிட்ட கையெழுத்தும் வாங்கி, நான்தான் பீரோவுல வச்சேன். அந்த வருஷம் எல்லாரும் வந்து வாங்கிட்டுப் போனாக. நீ வரல. வருவ வருவன்னு இன்னும் வச்சிருக்கேன். டி.சி. வாங்காத புள்ள எப்படிம்மா முன்னாள் மாணவி ஆகும்? எங்க கணக்குல நீ இன்னும் போகவே இல்லையே" என்றார் அவர். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அந்த மனுஷனுக்கு ஆறுதல் சொல்லவே வராது. விதியைச் சொன்னார். சர்க்கார் இந்த விதியை ஒத்துக்கொள்ளுமா என்று எனக்குத் தெரியாது. அவர் ஒத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான்?"

"மாணவி. அது சரியாத்தான் இருக்கு. அதை நான் தொடலையே."

ரூபி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பத்து வருஷமாக அந்தக் கேட் தன்னை வெளியே தள்ளிச் சாத்திவிட்டது என்று நினைத்துச் சந்து சந்தாகச் சுற்றியிருக்கிறாள். உள்ளே ஒரு மனுஷன் அவள் இன்னும் போகவே இல்லை என்று பீரோவைப் பூட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஜமால் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார். சர்க்கரை கம்மி என்று அவரிடம் சத்தம் போட்டுச் சமாளித்தேன்.

அச்சகத்துக்குத் திரும்பியதும் அவள் 'முன்னாள்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் எடுத்தாள். பச்சைக் குறிப்புக்கு டிக் போட்டாள். அவள் போட்ட டிக்குகளிலேயே அதுதான் நிதானமாக விழுந்தது.

மூன்றாவது புரூப்பில் இஞ்ஞாசியம்மாள் டீச்சர் விடுவாரா? அந்த வரியில் சிவப்பாக, 'முன்னாள் விடுபட்டுள்ளது, சேர்க்கவும்' என்று ஒரு குறிப்பு. அதன் அடியிலேயே பச்சையில் பதில்: 'வேண்டாம். டி.சி. நிலுவை.' அதன் அடியில் நீலம்: 'இது என்ன கூத்து?' இரண்டு பேர் முரண்பட்டால் இருவருக்கும் போன் போடுவது ரூபியின் வழக்கம். இந்தத் தடவை யாருக்கும் போடவில்லை. "ஆபீஸ்ல சொல்றதுதாண்ணே செல்லும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்கு, அதாவது முந்தின பக்கத்துக்குப் போய்விட்டாள்.

மலர் மாதா திருநாளுக்கு முன்பே வந்துவிட்டது. நன்றியுரையில் குழு, 'திருத்தப் பணியில் உதவிய திரு. ஜமால் முகமது' என்று ஒரு வரி சேர்த்திருந்தது. விழாவுக்குச் சென்னையிலிருந்து வந்த ஒரு பழைய மாணவி அவரைத் தேடிப் பிடித்து, ஒரு பிழைகூட இல்லாமல் பார்த்திருக்கிறீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஜமால் என்னிடம் ஓடி வந்தார். "அண்ணே, நான் டீ மட்டும்தாண்ணே குடிச்சேன். சொல்லுங்கண்ணே அந்தம்மாகிட்ட!" நான் சொல்லவில்லை. முதல் புரூப்பின் திருத்தமெல்லாம் அவர் பெயரில்தானே விழுந்தது, அனுபவிக்கட்டும்.

ரூபியிடமும் நிறையப் பேர் வந்தார்கள். கடைசிப் பக்கத்தைக் காட்டி, "மாணவின்னு போட்டிருக்கே, எந்த வகுப்பு?" என்று கேட்டார்கள். "பத்தாவதுதான். கொஞ்ச வருஷமா" என்று சொல்லிக்கொண்டு, டெய்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பள்ளி மைதானம் முழுக்கத் திரிந்தாள். அன்றைக்கு அவள் கேட் வழியாகத்தான் வந்தாள். இப்போதும் அந்த வழியாகத்தான் அச்சகத்துக்கு வருகிறாள். வர நேரம் குறையும் என்று எதிர்பார்த்தேன். வழியில் வாட்ச்மேன், பூக்காரி, பழைய டீச்சர் எல்லாரிடமும் நின்று பேசுவதால் முன்னைவிடத் தாமதமாகத்தான் வருகிறாள்.

மறு வருஷம் ஜூனில் டெய்சியை அதே பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்தார்கள். பிரின்ஸுக்கு வண்டி ஓட்டம் இருந்ததால் நான்தான் கூடப் போனேன். அலுவலக ஜன்னலுக்கு உள்ளே ஸ்தனிஸ்லாஸ் சார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான். டெய்சியின் பெயரை எழுதி முடித்துவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார். "வந்ததே வந்த, உன் டி.சி.யையும் வாங்கிட்டுப் போயிரு. எனக்கப்புறம் வர்றவன் எங்கயாவது தூக்கிப் போட்டுருவான்" என்றார்.

ரூபி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பீரோவைப் பார்த்தாள். பிறகு புதுச் சீருடையில் நின்ற மகளைப் பார்த்தாள்.

"இருக்கட்டும் சார். வர்றவர்ட்டயும் சொல்லிட்டுப் போங்க" என்றாள். "இவ படிச்சு முடிக்கட்டும். ரெண்டு பேரும் சேந்தே வாங்கிக்கிறோம்."